ஒரட்டாங்கைக் கத்தரி

ஆயுத பூசை அன்று மதியம், அறுபத்துநான்கு வீட்டுச் சனமும் கை நிறையப் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, மலர்ச்சோலை அவென்யூ குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவசிகாமணி தன் வீட்டு வாசலில் வளைந்து நின்ற காகிதப்பூக் கொடியில் ஒன்பது கிளைகளை வெட்டினார். ஒன்பதில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. வெட்டுப்பட்ட இடத்துக்கும் கிளைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி தெரிந்தது, அந்த இடைவெளி வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, ஆனாலும் வெட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்தனவோ அப்படியே, இலையும் முள்ளும் பூவுமாக, அந்தரத்தில் நின்றன.

"காத்தே இல்ல பாருங்க, அதான்" என்றார் யாரோ ஒருவர். ஆமாமா, அதான், என்று எல்லாரும் பொரியை வாயில் போட்டுக்கொண்டார்கள்.

தோட்டக்காரி மயிலாத்தாள் மட்டும் பொரி தின்னவில்லை. கிளை விழுந்தால் என்ன, விழாவிட்டால் அவளுக்கு என்ன? அவள் பார்த்துக்கொண்டிருந்தது செயலாளரின் வலது கையை. அந்தக் கையில் இருந்தது அவளுடைய கத்தரி. அவளுடைய கோபமும் அந்தரத்திலேயே நின்றுகொண்டது, அதுவும் விழவில்லை.

அந்தக் கத்தரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. மயிலாத்தாள் பிறந்ததிலிருந்தே ஒரட்டாங்கைக்காரி. எதை எடுத்தாலும் இடது கைதான் முந்தும். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையைப் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டிப்போட்டார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார்க் கரண்டியை அந்தக் கையால் பிடித்தாள் என்று பெரிய மனுசன் ஒருவன் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனான். கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார்க்காரி கரண்டிக் காம்பைக் காய்ச்சி அந்த மணிக்கட்டில் ஒரு தழும்பே போட்டுவிட்டாள். அத்தனைக்கும் அந்தக் கை அசரவில்லை. சோறு தின்னவும் திருநீறு பூசவும் தாம்பூலம் வாங்கவும் சோத்தாங்கையைப் பழக்கிக்கொண்டாள், ஊர் வாயை மூட அது போதும். வேலை என்று இறங்கினால் ஒரட்டாங்கைதான்.

ஆனால் கடையில் விற்கிற, செடி நறுக்குகிற கவாத்துக் கத்தரி எல்லாம் சோத்தாங்கைக்காரனுக்குச் செய்தது. அதற்கு இரண்டு அலகு. ஒன்று வெட்டுகிற அலகு, மெல்லிசு, கூர். இன்னொன்று தாங்குகிற அலகு, தடித்து, கொக்கி மாதிரி வளைந்தது. வெட்டுகிற அலகு செடியோடு மிஞ்சப்போகிற பக்கத்தில் இருக்கவேண்டும், தாங்குகிற அலகு கழிந்துபோகிற கிளைப் பக்கம். அப்போதுதான் உயிருள்ள பக்கம் நசுங்காது. வெளிப்பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, மழைத்தண்ணீர் கணுவில் இறங்காமல் வழிந்து ஓடுகிற மாதிரி சாய்த்து ஒரே அழுத்தில் வெட்டினால், ரோஜா தன்னை வெட்டினார்கள் என்பதையே மறந்துவிட்டு நாற்பது நாளில் பூக்கும். அதே கத்தரியை ஒரட்டாங்கையில் பிடித்துப் பாருங்கள், எல்லாம் தலைகீழ். தடி அலகு உயிருள்ள பக்கத்தில் உட்கார்ந்து நசுக்கும். வெட்டுகிற இடம் கண்ணுக்கே தெரியாது. குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும், பத்து நாளில் கறுக்கும், கறுப்பு மெல்ல மெல்ல இறங்கிச் செடியை வேர்வரைக்கும் தின்றுவிடும். பூட்டுக் கொண்டி வேறு ஒவ்வொரு அழுத்துக்கும் உள்ளங்கையில் குத்தும்.

ஒன்பது வருசம் அந்தக் குத்தைத் தாங்கினாள். பெருவிரல் அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம் வந்து உட்கார்ந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடம் பக்கம் இரும்புச் சாமான் கடைகளுக்குப் போனாள். ஏழு கடை ஏறி இறங்கினாள். "ஒரட்டாங்கைக்குனு தனியாக் கத்தரியா? நல்லா கேட்டீங்க போங்க" என்று சிரித்தார்கள். எட்டாவது கடைக்காரர் சிரிக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கோடு தப்பாக வந்து, வாங்குவார் இல்லாமல் மேல் பலகையில் கிடந்த ஒன்றை ஏணி போட்டு எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். சிவப்புப் பிடி. கையில் வாங்கி விரித்தாள், நான்கு விரலும் பிடிக்குள் அடங்கின. பூட்டு அவள் பெருவிரல் பக்கத்திலேயே இருந்தது. சுருள்வில்லை அழுத்திப் பார்த்தாள், கை களைக்காத அளவுக்குத் தள்ளியது. நனைத்த செய்தித்தாளை அலகில் வைத்து அழுத்தினாள், பிசிறில்லாமல் இரண்டானது. கடைவாசல் முருங்கையில் ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி வெட்டினாள். வெட்டின வாயை விரலால் தடவிப் பார்த்தாள். அப்படியே நடுக்கடையில் நின்று அழுதாள். நாற்பத்துநான்கு வயசில் முதல் தடவையாக ஒரு சாமான் அவள் கையைப் பார்த்து, 'நீ சரிதான்' என்று சொன்னது. அந்த வருசத் தீபாவளிச் சேலை வேண்டாம் என்று அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குப்பிறகு இரண்டு வருசம் அந்தக் காலனி எப்படிப் பூத்தது என்று அங்கே குடியிருந்தவர்களைக் கேளுங்கள். பூத்ததற்குக் காரணம் மண்வாகு என்றார்கள், போர்த்தண்ணீர் என்றார்கள், தேவசிகாமணி ஆண்டு விழாவில் தன் நிர்வாகம் என்றார். மயிலாத்தாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பீச்சாங்கை'. "அந்தப் பீச்சாங்கையை வரச்சொல்லு, அரளி மதிலுக்கு மேல போயிருச்சு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் வருவாள், வெட்டுவாள், அரளிப் பாலைத் துணியால் துடைத்து, அலகில் ஸ்பிரிட் தடவி, அடுத்த செடிக்குப் போவாள். வாயைத் திறக்க மாட்டாள்.

சரி, ஆயுத பூசைக்கு வருவோம். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் சாமான்களுக்கு ஓய்வு. கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. சங்க அலுவலகத்தில் தண்ணீர் மோட்டாரின் சாவி, புல்வெட்டும் மிசின், ஏணி, வாட்ச்மேன் அய்யாவுவின் விசில்வரைக்கும் வரிசையாக வைத்திருந்தார்கள். மயிலாத்தாள் கத்தரிக்கு எண்ணெய் போட்டு, சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தாள்.

தேவசிகாமணி பார்த்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பவர்.

"மயிலாத்தா, இது சாமி காரியம். பீச்சாங்கைச் சாமானைக் கொண்டாந்து இதுகளோட வைக்காத. அக்கட்டால, அந்தச் செருப்பு ஸ்டேண்டுப் பக்கம் வெச்சுக்க."

"அதும் வேல செய்யற சாமானுதானுங்க சார்."

"யாரு இல்லேன்னா? அங்க வெச்சாலும் சாமி பாக்கும்."

செருப்பு ஸ்டேண்டுப் பக்கம் வைத்தாள். ஒரு துண்டு வாழையிலையைப் போட்டு, அதன்மேல் கத்தரியை வைத்து, தலையிலிருந்த பூவைக் கிள்ளி அதற்கு வைத்தாள். அறுபத்துநான்கு வீட்டுச் செருப்பும் அதைச் சுற்றிக் கிடந்தது.

பூசை முடிந்து பூசணிக்காய் உடைத்தபிறகுதான் அவர் தன்னுடைய புதுக் காரைக் கவனித்தார். மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்த காரின் கூரைமேல் காகிதப்பூ முள் உரசிக்கொண்டிருந்தது. கோடு விழுந்துவிடுமே!

"ஏ மயிலாத்தா! இத வெட்டி உடு."

"இன்னிக்கா? இன்னிக்கு வெட்டக் கூடாதுங்க சார். கத்தரி பூசையில இருக்குது. நாளைக்கு விடிஞ்சதும் மொத வேல இதானுங்க."

"எனக்கே சாத்திரம் சொல்றியா நீ?"

அவர் நேராகச் செருப்பு ஸ்டேண்டுக்குப் போனார், இலைமேல் இருந்த கத்தரியை எடுத்தார், பூ கீழே விழுந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அங்கே விழுந்தது. வலது கையில் பிடித்து, அலகைப் பார்க்காமல், கணுவைப் பார்க்காமல், கோழிக் கழுத்தைத் திருகுகிற மாதிரித் திருகித் திருகி ஒன்பது கிளையையும் வெட்டினார். கிளைகள் நின்றன. அய்யாவு ஒன்றைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான், ஆள்தான் ஆடினானே தவிர கிளை அசையவில்லை.

அதன்பிறகு அந்தக் காலனி அந்த அதிசயத்தோடு எப்படிக் குடும்பம் நடத்தியது என்பதைக் கேளுங்கள். ஒரு வாரம் வந்துபோகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள், மறுவாரம் நிற்காமல் பார்த்தார்கள், அதற்கடுத்த வாரம் பார்க்காமலே குனிந்து நடக்கப் பழகிவிட்டார்கள். ஃபிஸிக்ஸ் புரொபசராக இருந்த அரங்கநாயகம், கரண்ட் பில் அட்டையை இடைவெளிக்குள் விட்டு அந்தப் பக்கமாக எடுத்து, "தாராளமாப் போய்ட்டு வருது" என்று நோட்டில் எழுதிக்கொண்டார், எழுதினதோடு சரி. புஷ்பகாந்தி டீச்சர் தாழ்வாக நின்ற கிளையில் துண்டு காயப்போட்டாள், மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் காய்வதாகச் சொன்னாள், மறுநாள் வரிசையாக எட்டு வீட்டுத் துணி அதில் காய்ந்தது. கொண்டைக்குருவி கூடு கட்டியது. வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் கயிறு கட்ட வெளியிலிருந்து பெண்கள் வந்தார்கள். மிதக்கும் கிளைகளுக்கு அடியில் இருசக்கர வாகனம் நிறுத்தக் கூடாது என்று சங்கம் பதினான்காவது தீர்மானம் போட்டது.

புகழ் முழுக்கத் தேவசிகாமணிக்கு. கைராசிக்காரர் என்று ஆகிவிட்டார். கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவருடைய வலது கையால் தொடச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். பலகாரக் கடை திறப்புக்கும் துணிக்கடை திறப்புக்கும் ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் அவர் வெட்டின ரிப்பன் எல்லாம் எல்லாருடைய ரிப்பனையும் போலத் தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, விசேசம் கையில் இல்லை, கத்தரியில்தான் இருக்கிறது என்று. உடனே கண்ணாடிப் பெட்டி செய்து, கத்தரியை அதற்குள் வைத்துப் பூட்டி, அலுவலகத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். செருப்பு ஸ்டேண்டிலிருந்து சாமி பக்கத்துக்கு! பார்த்தீர்களா பவிசை!

"என்ற கத்தரியக் குடுத்துருங்க சார்" என்று மயிலாத்தாள் போய் நின்றாள்.

"அது இனிமே உன்ற கத்தரி இல்ல, மயிலாத்தா. கடவுளோடது."

"கடவுளுக்கு எந்தக் கைங்க சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. "வாய் நீளுது உனக்கு. வேற வாங்கித் தர்றோம், போ" என்றார்.

வாங்கித் தந்தார்கள். பளபளவென்று, பல்சக்கரம் வைத்தது, பாதி பலம் போட்டால் போதும் என்று அட்டையில் எழுதியிருந்தது. வலது கைக் கத்தரி. அதுவும் தட்டையான பட்டைமேல் கத்தி வந்து இறங்குகிற சாதி. காய்ந்த கட்டையை நறுக்க அது நல்ல சாமான்தான், பச்சைத் தண்டை வைத்தால் வெற்றிலைபாக்கு இடிக்கிற மாதிரி நசுக்கிவிடும். மயிலாத்தாள் அதை எடுத்துச் சொன்னாள். "விலை ஒசத்தி தெரியுமா?" என்றார்கள். ஐப்பசி மழைக்கு முந்தின கவாத்தை அதில்தான் செய்தாள். பெருவிரல் வீக்கம் திரும்பி வந்தது. ரோஜாக் குச்சிகள் நுனி கறுத்தன. அவள் வளர்த்த ரோஜாக்கள், ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணுவில் போன வருசம் வெட்டினோம் என்பது அவள் கைக்குத் தெரியும், அவை ஒவ்வொன்றாகக் கறுத்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். "பீச்சாங்கைக்கு இப்பெல்லாம் வேலைல அக்கறையே இல்ல" என்று புஷ்பகாந்தி டீச்சர் மாடியிலிருந்து சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஒரு நாள் அலுவலகத்தைக் கூட்டப் போனவள் கண்ணாடிப் பெட்டிமேல் இடது கையை வைத்தாள். உள்ளே சிவப்புப் பிடியில் தூசி படிந்திருந்தது. எண்ணெய் போடாமல் அலகு ஓரத்தில் துரு பூத்திருந்தது. "ஏய், அந்தக் கையால தொடாத!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. தன்னுடைய கத்தரியைத் தன்னுடைய கையால் தொடக் கூடாதாம்! அன்றைக்கு அவளுக்குக் கோபம் கண்வழியாக வரவில்லை, வாய்வழியாகவும் வரவில்லை, நேராகக் கைக்கு இறங்கியது. பல்சக்கரக் கத்தரியைக் கொண்டுவந்து செயலாளரின் மேசைமேல் வைத்தாள்.

"கூட்டறேன், தண்ணி உடறேன், களை எடுக்கறேன். கவாத்து மட்டும் என்ற கத்தரி வந்தாத்தானுங்க."

"சங்கத்துக்குக் கெடு வைக்கறியா?"

"ஆமாங்க" என்றாள்.

பொதுக்குழுவில் பேசுவோம் என்றார்கள். பேசி முடிப்பதற்குள் மழை வந்தது. கார்த்திகை முழுக்க வெட்டாத காலனி காடானது. அரளி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது, செம்பருத்தி கரண்ட் வயரைப் பிடித்தது. அதெல்லாம் எந்தச் செடியும் செய்வதுதான். ஆனால் செயலாளர் வீட்டு வாசலில் அந்தரத்தில் நின்ற ஒன்பது கிளைகளும், வேர் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், தாய்க்கொடியைவிட மும்மடங்கு வளர்ந்தன. மணிக்கட்டுக் கனம் இருந்தது தொடைக் கனம் ஆனது, முள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் வந்தது, தரைவரைக்கும் இறங்கி, கேட்டை மறைத்து, புதுக் காரை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. அரிவாள் கொண்டுவந்தார்கள், ரம்பம் கொண்டுவந்தார்கள், மரம் அறுக்கும் மிசின் கொண்டுவந்தார்கள். எல்லாம் உள்ளே போய் வெளியே வந்தது, தண்ணீரில் கோடு கிழித்த மாதிரி வெட்டு மூடிக்கொண்டது. தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் அவருடைய மகளுக்கு அந்த வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் எந்த வழியாக உள்ளே வருவார்கள்?

இத்தனைக்கும் காரணம் அந்த நாள்தான் என்று காலனியில் பாதிப் பேர் சொன்னார்கள். ஆயுத பூசை அன்று ஓய்வில் இருந்த கத்தரி வெட்டவே இல்லை, வெட்டின மாதிரி இருந்தது, அவ்வளவுதான், நல்ல நாள் பார்த்து வெட்டினால் விழுந்துவிடும் என்றார்கள். தேவசிகாமணிக்கு அது பிடித்துப்போயிற்று. சோசியரிடம் நேரம் குறித்துவாங்கி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஊர் கூடி நிற்க, வலது கையால் வெட்டினார். இந்தக் கத்தரிக்கு மட்டும் கிளை இடம் கொடுத்தது. இருபது வெட்டு. இருபது துண்டும் துண்டுதுண்டாக, அறுந்த பாசிமணியை யாரோ காற்றில் பிடித்து நிறுத்தின மாதிரி, முள்ளும் இலையுமாகக் கேட்டு முழுக்க நின்றன. முன்னாலாவது குனிந்து நுழைய ஒரு சந்து இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

பிறகு அய்யாவு, வாட்ச்மேன்தானே, அவனுக்கு என்ன மரியாதைப் பிரச்சினை, பட்டென்று சொல்லிவிட்டான்.

"நாளும் இல்ல, கெழமையும் இல்லீங்க சார். கைதான். அது மயிலாத்தாக்காவோட கைக்குச் செஞ்சதுங்க."

அறுபத்துநான்கு வீட்டுத் தலையும் திரும்பியது. மயிலாத்தாள் கருகிப்போன ரோஜாப் பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார்கள், எழுந்து வந்தாள். தேவசிகாமணி கத்தரியை நீட்டினார்.

"வெட்டு, மயிலாத்தா."

அவள் கையை நீட்டவில்லை. "எந்தக் கையாலைங்க சார் வெட்டட்டும்?"

"உன் இஷ்டம்."

"என்ற இஷ்டத்துக்கு எப்பங்க இந்தக் காலனி உட்டுது? நீங்களே சொல்லுங்க. எந்தக் கையால?"

அவர் மூக்கைச் சொறிந்தார், கூட்டத்தைப் பார்த்தார். புரொபசர் நோட்டைப் பார்த்தார், டீச்சர் வானத்தைப் பார்த்தாள். உள்ளே ஜன்னல் வழியாக மகள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"இடது கையால" என்றார், யாருக்கும் கேட்காமல்.

"காதுல உழுகலீங்க சார்."

"இடது கையால வெட்டு! உன்ற ஒரட்டாங்கையாலயே வெட்டு! போதுமா?"

போதாது. பதினொரு வருசத்துக்கு அந்த ஒரு வாக்கியம் எந்த மூலைக்கு? மன்னிப்பு என்கிற சொல்லை அவர் வாய் தேடக்கூட இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கத்தரியை வாங்கினாள். எல்லாரையும் நிற்கவைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், மண்ணில் தேய்த்துத் துருவை எடுத்து, துடைத்து, ஸ்பிரிட் தடவி, வில்லுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். அவள் கைக்குள் அது க்ளிக் க்ளிக்கென்று பேசியது.

அந்தரத்தில் நின்ற எதையும் அவள் தொடவில்லை. ஏணி போட்டுத் தாய்க்கொடிக்கு ஏறினாள். அவர் திருகி நசுக்கின ஒன்பது வெட்டுவாயும் அங்கே இன்னும் ஆறாமல் பச்சையாகக் கசிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தடவி, கீழே வெளிப்பார்த்த கணு எங்கே இருக்கிறதென்று பார்த்து, வெட்டுகிற அலகை உயிருள்ள பக்கம் வைத்து, சாய்த்து, ஒரே அழுத்து. நசுங்கின நுனி ஒரு அங்குலத் துண்டாக விழுந்தது. அதோடு, மூன்று மாசமாக நின்ற கிளையும் அதன் துண்டுகளும் அத்தனை கனத்தோடும் தொபுதொபுவென்று தரையில் இறங்கின. காயப்போட்டிருந்த துணி விழுந்தது, மஞ்சள் கயிறு விழுந்தது. கொண்டைக்குருவிக் கூட்டை மட்டும் முன்னாலேயே எடுத்து மதில்மேல் வைத்திருந்தாள். ஒன்பதாவது விழுந்தபோது கேட்டுக்குப் பின்னால் புதுக் கார் ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

காலனி கை தட்டியது. தேவசிகாமணியும் தட்டினார். தட்டி முடித்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பழைய குரல் திரும்பி, "நல்ல வேலை. சரி, கத்தரியத் தொடச்சுப் பெட்டில வெச்சுடு. தேவைப்படறப்ப எடுத்துத் தர்றோம்" என்றார்.

மயிலாத்தாள் ஏணியிலிருந்து இறங்கினாள். கத்தரியை இடுப்புப் பைக்குள் போட்டாள். நடந்தாள். பின்னாலேயே கூட்டம் வந்தது. காலனியின் பெரிய கேட்டுக்கு நடு மத்தியில் போய் நின்று திரும்பினாள். கழுத்தில் சங்கத்தின் அடையாள அட்டை, நீல நாடாவில் தொங்கியது. வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம், 'தோட்டப் பணியாளர்' என்று கீழே எழுத்து. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், பதினொரு வருசம் அது நெஞ்சில் அடித்துக்கொண்டே கிடந்தது.

"ஏனுங்க சார், நானும் இந்தக் காலனிக்கு வந்த நாள்லருந்து கேக்கறேன், சோத்தாங்கையால வேல செய், சோத்தாங்கையால வேல செய்னு. ஒரு தடவ செஞ்சு காட்டீட்டுப் போறேன், பாத்துக்குங்க."

கத்தரியை எடுத்து வலது கைக்கு மாற்றினாள். கழுத்துக்கு இரண்டு பக்கமும் நாடாவைக் கணுவும் பார்க்காமல் சாய்வும் பார்க்காமல் நறுக்கினாள். பின்னால் நகர்ந்தாள். அட்டை அங்கேயே நின்றது. அவள் நெஞ்சு இருந்த உயரத்தில், துண்டு நாடாவோடு, உள்ளே பார்த்தபடி.

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அறுபத்துநான்கு வீடும் அந்த அட்டையை இழுத்துப் பார்த்தது. வளைக்க முடியவில்லை, எரிக்க முடியவில்லை, துணி போட்டு மூடினால் துணி மறுநாள் காலையில் கீழே கிடந்தது. நடந்து போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வண்டிகள் கேட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போகப் பழகின. சங்கம் பதினைந்தாவது தீர்மானம் போட்டது: தோட்ட வேலைக்கு ஆள் தேவை, இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. இரண்டு பேர் வந்தார்கள், அட்டையிலிருந்த முகத்தைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தேவசிகாமணி புதுக் காரை வெளியே எடுத்தார். சம்பந்தியிடம் பேசிக்கொண்டே ஓட்டியதில் ஒதுங்க மறந்தார். அட்டையின் மூலை முன் விளக்கில் தொட்டு, கதவு இரண்டையும் கடந்து, பின் விளக்குவரைக்கும், கிர்ர்ரென்று, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஒரு கோடு இழுத்தது. இறங்கி வந்தார். கோட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"அய்யாவு! எங்கடா அவ? போய்க் கூட்டிட்டு வா. கத்தரிய அவளே வெச்சுக்கட்டும், வந்து இத மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"அக்கா அந்தப் பள்ளத்துக்கு அக்கட்டால புதுக் காலனில வேலைக்குச் சேந்துருச்சுங்க சார்" என்றான் அய்யாவு. "சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சாமுங்க, ஆயுத பூசைக்கு என்ற கத்தரிய எங்க வெப்பீங்கன்னு."

தேவசிகாமணி காரில் விழுந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். காரில் சம்பந்தி காத்துக்கொண்டிருந்தார். அட்டையில் இருந்த மயிலாத்தாள் தேவசிகாமணியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.